ஹெட்லைட் டூமுக்குள் பெயர் தெரியாத ஒரு பெட்டி: பழைய பைக் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கில் பல்ப் மாற்றுவதற்காக ஹெட்லைட்டைத் தாங்கும் மூடியான டூமைக் கழற்றினால், கம்பெனி ஒயரிங்கோடு ஒட்டாத ஒரு கறுப்புப் பெட்டியோ, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஓர் உருண்டையோ, பொன்னிற அலுமினியத் துண்டோ உள்ளே தொங்கிக்கொண்டிருப்பது அரிதன்று. பழைய உரிமையாளர் எப்போதோ, ஏதோ ஒரு கடையில் மாட்டியது அது. விற்கும்போது அதைப் பற்றி அவர் சொல்லியிருக்கவும் மாட்டார். இது என்னவென்று தெரியாத நிலையில் பலரும் முதலில் எடுப்பது கட்டிங் பிளையரைத்தான். எந்த ஒயர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் வெட்டிவிட்டால், அந்தப் பொருளை அடையாளம் காண்பதற்கு இருந்த ஒரே உருப்படியான தடயமும் போய்விடும். வெட்டுவதற்கு முன் நான்கு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், விற்றவருக்கு ஒரு போன் செய்து கேட்பதும் செலவில்லாத வேலைகள்.

இரண்டாவது தவறு, பெட்டியின் வடிவத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்துப் பெயர் சூட்டுவது. இந்தச் சந்தையில் ஒரே அச்சில் வார்த்த பெட்டிக்குள் வெவ்வேறு பொருள்கள் வருகின்றன. "12V" என்று அச்சிட்டிருப்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது. பெட்டியை விட்டுவிட்டு ஒயர்களை எண்ணுங்கள். பல்பின் மூன்று கால் ஹோல்டரோடு அது சேர்கிறதா, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு கோடு வருகிறதா, இண்டிகேட்டர் ஒயரைத் தொடுகிறதா, இக்னிஷன் ஒயரைத் தொடுகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பெரும்பாலும் பெயரும் கிடைத்துவிடும். கூடவே, வண்டியின் தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள். 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்ற விதி இருப்பதால், அதற்குப் பின் வந்த வண்டியின் ஹேண்டில்பாரில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் இருந்தால், அது பெரும்பாலும் பின்னால் சேர்த்ததுதான். அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால் பெட்டியில் கொண்டுபோய் விடக்கூடும்.

டூமுக்குள் அடிக்கடி காணப்படுவது ரிலே கிட்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. கட்டைவிரல் அளவுள்ள கறுப்புக் கட்டை, அடியில் நான்கோ ஐந்தோ கால்கள், கால்களுக்கு அருகே 30, 85, 86, 87 என்ற எண்கள் என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் 30-இல் நுழைந்து 87 வழியாகப் பல்புக்குப் போகிறது. பழைய சுவிட்ச் ஒயர் 85, 86 ஆகியவற்றுக்கிடையே உள்ள காயிலை மட்டும் இயக்குகிறது. கட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஹை பீம், லோ பீம் மாற்றிப் பார்த்தால் உள்ளே "டிக்" என்று தட்டுவது விரலுக்குத் தெரியும். இங்கேதான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். "தேவையில்லாத சாமான்" என்று ரிலேயைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பெனி கப்ளரை (ஒயர்களை இணைக்கும் சொருகியை) திரும்பவும் பல்பில் சொருகிவிடுகிறார்கள். ரிலே அங்கே இருந்ததற்குக் காரணமே, முந்தையவர் 100/90 வாட் பல்ப் போட்டிருந்ததாக இருக்கலாம். வழக்கமான 60/55 வாட் எச்4 பல்ப் ஹை பீமில் ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கிறது. 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அவ்வளவும் மெல்லிய கம்பெனி ஒயர் வழியாகவும் ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாகவும் போனால், கப்ளர் உருகுவதும் சுவிட்ச் பாயிண்ட் கருகுவதும் நடக்கும். ஆகவே ரிலேயைத் தொடுமுன் பல்பின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் வாட் அளவைப் படியுங்கள். வெள்ளை நிறப் பீங்கான் ஹோல்டர் கண்ணில் பட்டால் அதிக வாட் பல்ப் இருக்க வாய்ப்பு அதிகம். ரிலே கிட்டில் உண்மையில் கவலைப்பட வேண்டியது, பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கிறதா என்பதே. அந்த ஒயர் டேங்குக்கு அடியில் ஓடி, ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் உரசுகிறது. தோல் உரிந்து பாடியைத் தொட்டால், பியூஸ் இல்லாத ஒயர் தீப்பிடிக்கும்.

பொன்னிறத்தில், வரி வரியாகச் செதில்களோடு இருக்கும் அலுமினியத் துண்டு ஹெட்லைட்டைச் சேர்ந்ததே அன்று. எல்இடி இண்டிகேட்டர் மாட்டும்போது வேகமாகச் சிமிட்டாமல் இருப்பதற்காக இணைக்கப்படும் ரெசிஸ்டர் அது. இண்டிகேட்டர் எரியும்போது நன்றாகச் சுடும். இதற்கு இன்சுலேஷன் டேப் சுற்றிப் பிளாஸ்டிக் டூமில் ஒட்டிவைப்பதைப் போன்ற அறிவீனம் வேறில்லை.

எல்இடி பல்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டியையும், வாயு நிரம்பிய எச்ஐடி பல்பைப் பற்றவைக்கும் பெட்டியையும் ஒன்றாக நினைப்பது ஆபத்தான தவறு. பல்பின் முதுகில் சிறு விசிறி சுழன்றால், அல்லது அதற்கு இடம் தருவதற்காகப் பின்புற ரப்பர் மூடி வெட்டப்பட்டிருந்தால், அது எல்இடி. மாறாக, கனத்த உலோகப் பெட்டியிலிருந்து தடித்த இரண்டு ஒயர்கள் பல்புக்குப் போய், விளக்கும் போட்டவுடன் முழு வெளிச்சம் தராமல் சில நொடிகளில் ஏறுமானால், அது எச்ஐடி பேலஸ்ட். பற்றவைக்கும் கணத்தில் அதன் வெளியீடு 20,000 வோல்ட்டைத் தாண்டக்கூடியது என்பதால், மல்டிமீட்டர் முனையை அங்கே கொண்டுபோகவே கூடாது.

பழைய 100 சிசி கார்புரேட்டர் வண்டிகளில் இன்னொரு குழப்பம் நேரும். அவற்றில் பலவற்றின் ஹெட்லைட், பேட்டரியிலிருந்து அல்லாமல் மேக்னட் காயிலிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தில் எரிகிறது; ஆக்ஸிலரேட்டர் திருகத் திருக வெளிச்சம் ஏறுவது அதனால்தான். மீட்டரை டிசியில் வைத்துப் பார்த்துவிட்டு "கரண்டே வரவில்லை" என்று முடிவு கட்டாமல், ஏசியில் வைத்தும் பாருங்கள். அந்தக் கோட்டில் நான்கு கால்களும் நடுவில் ஓர் ஓட்டையும் உள்ள சதுரக் கட்டை இருந்து, கால்களருகே அலைக்குறியும் கூட்டல், கழித்தல் குறிகளும் இருந்தால், எல்இடி மினுக்காமல் எரிவதற்காக யாரோ போட்ட ரெக்டிபயர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) அது.

மேற்சொன்ன எதிலும் சேராமல், பல்புக்கு ஓர் ஒயரும் போகாமல், பேட்டரி, எர்த், இக்னிஷன் மூன்றையும் மட்டும் தொடும் சிறு பெட்டி இருந்தால், அது ஹெட்லைட் சாமான் என்றே எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அது ஜிபிஎஸ் கருவியாக இருக்கக்கூடும். டூம் அதை ஒளித்துவைக்க வசதியான இடம். சிம் கார்டுக்கான பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகளோடு எஞ்சினை நிறுத்தும் ரிலேயும் சேர்ந்திருக்கும். அதை அப்படியே பிடுங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கடன் கொடுத்தவர் மாட்டியதாகவும் இருக்கலாம் என்பதால், ஆர்சியில் அடமானக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். நீங்கவில்லையென்றால், ஒயரிங்கை விடப் பெரிய வேலை ஆர்டிஓ அலுவலகத்தில் காத்திருக்கிறது.

சாவி அணைந்திருக்கும்போதும் பெட்டி பேட்டரியைக் குடிக்கிறதா என்று அறிய, மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய ஒயருக்கும் இடையில் இணைக்கலாம். அந்த நிலையில் மறதியாக ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டால் மீட்டரின் பியூஸ் போய்விடும். பியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், எதுவென்று தெரியாத ஒயரைப் பழைய பல்ப் டெஸ்ட் லேம்ப்பால் குத்திப் பார்ப்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குக் கேடு விளைவிக்கலாம்.

கழற்றுவதென்று முடிவானபின் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பேட்டரியிலிருந்து வரும் ஒயரை டேப் சுற்றி உள்ளேயே விட்டுவைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பேட்டரி முனையிலேயே கழற்றி, முழு ஒயரையும் உருவி எடுத்துவிடச் சொல்லுங்கள்.