பள்ளி மூடும் அந்த இரண்டு வாரங்கள்: குளிர்நாட்டில் சின்னப் பிள்ளைகளோடு

வடக்கே இருக்கும் குளிர்நாடுகளில் டிசம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் பெரும்பாலும் ஜனவரி பிறந்துதான் திறக்கும். நீங்கள் வந்த முதல் வருடம் என்றால் இந்த விடுமுறை கொஞ்சம் திணறடிக்கும். வெளியே குளிர், நாலு மணிக்கெல்லாம் இருட்டு, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, வீட்டுக்குள் துறுதுறுவென்று பிள்ளைகள். ஊரில் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள யாராவது ஒருவர் இருப்பார்கள். இங்கே நீங்கள்தான், உங்கள் இரண்டு கைகள்தான்.

நாங்கள் வந்தபோது மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. குளிர் பட்டால் சளி பிடித்துவிடும் என்ற பயத்தில், முதல் விடுமுறையில் ஒன்பது நாள் இரண்டு பேரையும் வாசலுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. ஜன்னலை மூடி, ஹீட்டரைக் கூட்டி, டிவியைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாளே சோபா மேல் ஏறிக் குதிப்பதும், ஒருவரை ஒருவர் கடிப்பதும் ஆரம்பித்துவிட்டது. இரவு பத்தரை வரைக்கும் தூக்கம் இல்லை. பத்தாம் நாள், வேறு வழி தெரியாமல், இருவருக்கும் உடுத்திவிட்டு அரைமணி நேரம் பனியில் விட்டேன். அன்றைக்கு இரவு ஏழேமுக்காலுக்கு இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: விடுமுறையில் தினமும் ஒரு தடவை, வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போக வேண்டும். மற்றதெல்லாம் முன்னே பின்னே ஆகலாம், இது மட்டும் தவறக் கூடாது. சளியைக் கொண்டுவருவது வைரஸ்தான், அதுவும் மூடிய அறையில் நாலு பேர் நெருங்கி இருக்கும்போதுதான் சுலபமாகப் பரவும். அதனால் அந்தப் பயத்தை முதலில் விடுங்கள்.

மதியத் தூக்கத்துக்கு முன்னால் போங்கள்

டிசம்பர் 21 அல்லது 22 தான் வடக்கு நாடுகளில் வருடத்தின் மிகக் குறுகிய பகல். நிலநடுக்கோட்டிலிருந்து 50 பாகை வடக்கே இருந்தால் அன்றைக்குச் சூரியன் 8 மணி நேரம்தான் இருக்கும். 60 பாகையில் 6 மணி நேரம்கூட இருக்காது. விடுமுறை சரியாக அந்த நாட்களில்தான் வருகிறது. ஊரில் சாயங்காலம்தான் பிள்ளைகளை விளையாட விடுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 'தூங்கி எழுந்ததும் போகலாம்' என்று வைத்தால், பிள்ளை எழும்போது வெளியே இருட்டாக இருக்கும். காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கமும் ஒழுங்குக்கு வரும்.

உடுத்திவிடுவதற்கே கால் மணி நேரம் ஆகும். ஒரு வரிசை இருந்தால்தான் அது நடக்கும். முதலில் ஒன்றுக்குப் போக வைக்க வேண்டும், 'வரலை' என்று சொன்னாலும் உட்கார வைக்க வேண்டும். அப்புறம் உள்ளாடை, காலுறை, ஸ்னோ பேண்ட், பூட்ஸ். பேண்டின் கால் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே போய்க் காலுறை நனையும். அதற்குப் பிறகு தொப்பி, கழுத்துறை, ஜாக்கெட், கடைசியாகக் கையுறை. ஜாக்கெட் கடைசிக்கு முந்தியதுதான், முதலிலேயே மாட்டிவிட்டால் வீட்டுச் சூட்டில் பிள்ளைக்கு வேர்க்கும், அந்த வேர்வையோடு வெளியே போனால் குளிர் இரட்டிப்பாகும். இரண்டு பிள்ளைகள் என்றால் நீங்கள் முதலில் உடுத்திக்கொள்ளுங்கள், உங்கள் ஜாக்கெட்டை மட்டும் போடாமல் வையுங்கள். பிறகு பெரிய பிள்ளை, கடைசியாகச் சின்னது.

துணி விஷயத்தில் நம்மவர்கள் பலர் ஏமாறுவது பருத்தியில். நம் ஊர் வெயிலுக்கு அது அருமையான துணி. இங்கே உடம்போடு ஒட்டி இருக்கும் முதல் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரமானதும் சூட்டைக் காக்காது. மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ உள்ளே, நடுவில் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற கனமான செயற்கைத் துணி, மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். சூட்டைப் பிடித்து வைப்பது இந்த அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான். அதனால் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி நாலு துணி போட்டுப் பயனில்லை. பூட்ஸிலும் இதே கதைதான், இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் கால் இன்னும் குளிரும்.

விரல் பிரித்த கையுறையைவிட, எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. நீளமான மஃப்ளர் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது. தலை வழியே மாட்டும் கழுத்துறை வாங்குங்கள். பிள்ளைக்குக் குளிருகிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20 மாதிரி இருக்கும். 'உணரும் வெப்பநிலை' என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம். அந்த மாதிரி நாளில் மட்டும் வெளியே விளையாட விடாமல், நூலகம், உள்ளரங்க நீச்சல் குளம் என்று போய் வாருங்கள். விடுமுறையில் அவை மூடும் நாட்களும் உண்டு, முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். குளிர் தாக்கிய தோல் சிவக்கும், வெளுக்கும் என்றுதான் எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது அப்படித் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி மங்கி இருக்கும். காது நுனி, மூக்கு நுனி, கன்னம், விரல் ஆகியவற்றைப் பாருங்கள். பிள்ளை 'வலிக்குது' என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று 'இப்போ ஒன்னும் தெரியலை' என்று சொன்னால் உடனே உள்ளே கொண்டுவாருங்கள். தேய்க்காதீர்கள், ஹீட்டரில் நேராகக் காட்டாதீர்கள். உடம்புச் சூட்டு அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டாலும், தோல் கட்டியாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தெரு ஓரத்தில் வண்டி தள்ளிக் குவித்த பனிமேட்டைப் பார்த்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஏறத் தோன்றும். அதில் மட்டும் விடாதீர்கள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவருக்கு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை தெரியாது. பனியைக் குடைந்து குகை செய்வதும், உறைந்த குளத்தின் மேல் நடப்பதும் அப்படித்தான், பெரியவர்கள் செய்தாலும் நீங்கள் பின்னால் போக வேண்டாம்.

காரில் ஜாக்கெட் வேண்டாம்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பஞ்சு வைத்த பெரிய ஜாக்கெட்டோடு பிள்ளையை, பிள்ளைகளுக்கென்றே இருக்கும் கார் சீட்டில் உட்கார வைத்து வாரை மாட்டினால், பார்க்க இறுக்கமாக இருக்கும். மோதல் நடந்தால் அந்தப் பஞ்சு நொடியில் நசுங்கிவிடும், வாருக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்து பிள்ளை தூக்கி எறியப்படலாம். வீட்டிலேயே செய்து பாருங்கள். ஜாக்கெட்டோடு உட்கார வைத்து வாரை இறுக்குங்கள். வாரின் நீளத்தை மாற்றாமல் பிள்ளையை எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். என் மகனுக்கு வாருக்கு அடியில் என் கை முழுசாக உள்ளே போனது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மெல்லிய உடையோடு உட்கார வைத்து, தோள் மேல் இருக்கும் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிபடாவிட்டால் சரியான இறுக்கம். ஜாக்கெட்டையோ போர்வையையோ வாருக்கு மேலே போர்த்திவிடுங்கள்.

வீட்டுக்குள்

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுபோகும். பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வருவதும், கன்னமும் முழங்கையும் சொரசொரப்பாக வெடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான். குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், சுருக்கமாக இருக்கட்டும். துடைத்த கையோடு, தோல் காய்வதற்குள் கிரீமைத் தடவுங்கள். குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும். நமக்கு அது குளிராகத் தெரியும், ஆனாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கனத்த போர்வைக்குள் சுற்றிவைப்பதுதான் ஆபத்து. உடம்போடு மாட்டிவிடும் தூங்கும் பை போதும், தொப்பி வேண்டாம்.

மின்சாரம் போய்விட்டது, ஹீட்டர் நின்றுவிட்டது என்றால் கரி அடுப்பையோ வெளியில் வைக்கும் கேஸ் அடுப்பையோ வீட்டுக்குள் ஒருபோதும் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வீட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று விடுமுறைக்கு முன்னாலேயே பாருங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சின்ன விளக்கு, ரிமோட் எல்லாவற்றிலும் பட்டன் பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கறுத்த தோல் அதை மெதுவாகத்தான் உற்பத்தி செய்யும், வடக்கே குளிர்கால வெயிலில் அதற்கான பலமும் இருக்காது. தாய்ப்பாலிலும் அது குறைவுதான், அதனால்தான் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

டிவி விஷயத்தில் உலக சுகாதார அமைப்பு 2019இல் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மழலை கேட்க ஆசையாகக் காத்திருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடுமுறையில் எங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபமே அதுதான். பள்ளி நாளில் காலை ஒரு ஓட்டம், மாலை ஒரு ஓட்டம், பிள்ளை வாயில் தமிழ் குறைந்துகொண்டே போகும். இந்த இரண்டு வாரம் முழுக்க வீட்டில் தமிழ்தான். 'ஹாய் சொல்லு' என்று போனை நீட்டினால் பிள்ளை ஓடிவிடும். போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, பாட்டி கதை சொல்ல, பிள்ளை பக்கத்தில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்கட்டும். என் மகள் 'வழுக்குது' என்ற சொல்லைக் கற்றது அப்படித்தான். பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஐஸில் நின்று அதை அவள் உரக்கச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று. எல்லாரும் அவரவர் குடும்பத்தோடு இருக்கும் நாட்களில் நமக்கு யாரும் இல்லை என்ற எண்ணம் வரும். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவருக்கு அது இன்னும் கனக்கும். அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அலுவலகத்தில் இருவருக்கும் விடுப்புக் குறைவாக இருந்தால் ஆளுக்கு ஒரு வாரம் பிரித்து எடுங்கள். டே கேர் மூடுமா என்று நவம்பரிலேயே கேட்டுவையுங்கள். பூங்காவில் இன்னொரு குடும்பத்தைப் பார்த்தால் நீங்களே போய்ப் பேசுங்கள், அவர்களும் ஒருவேளை அதற்காகத்தான் வந்திருப்பார்கள். ஆனால் கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று சின்னப் பிள்ளையைத் தனியாக வீட்டிலோ காரிலோ விடாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து, பல நாடுகளில் சட்டப்படியும் அது பெரிய பிரச்சினை ஆகும்.

காய்ச்சல் வந்தால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தொட்டதுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விடுமுறையில் உங்கள் மருத்துவர் இருக்க மாட்டார். அப்போது எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டு, அவசர எண்ணோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது தூங்கும் நேரத்தைத் தினம் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். பூட்ஸைப் போட்டு நடக்க வைத்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில்கூடக் கால் வளர்ந்திருக்கும். மிட்டன் இன்னொரு ஜோடி வாங்கிப் பையில் போடுங்கள், நனைந்தால் மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், ஒவ்வொரு மிட்டனிலும் தனித்தனியாக.