பிள்ளைய போன்ல வயசு வரம்பு வைக்கது எப்படி

எங்க அக்கா மவன் அஞ்சாப்புதான் படிக்கான், இன்ஸ்டாகிராம்ல பிறந்த வருஷம் 2000-ன்னு போட்டு உள்ள போயிருக்கான், அங்க 13 வயசாவது ஆவணும்லா. ஆஸ்திரேலியால 2025 டிசம்பர் 10-லருந்து 16-ன்னே ஆக்கிட்டாவ. நம்ம வீட்டுக்கு நாமதான் பாக்கணும். உங்க போன்ல, பிள்ளைய போன பெத்தவங்க கவனிக்கதுக்கு கூகுள் குடுக்க ஃபேமிலி லிங்க் ஆப்ப போட்டு, அதுலயே நெசமான பிறந்த தேதியோட பிள்ளைக்கு கூகுள் அக்கவுண்ட் தொறந்து, அத அவன் போன்ல ஏத்துங்க, இனிமே எந்த ஆப் வேணும்னாலும் உங்ககிட்ட கேக்கும், ராத்திரி லாக்கும் அதுலயே இருக்கு.

ஆச்சியோட போனையும் பாக்க மறந்துராதீங்க, இவன் இன்ஸ்டாகிராம் அக்கவுண்ட் அங்கனதான் கெடந்துச்சு! அந்த அக்கவுண்ட்ட அழிக்கதுக்கு முன்னாடி பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு யாரெல்லாம் மெசேஜ் அனுப்பிருக்காவன்னு ஏசாம கேளுங்க, இவன்ட்ட தெரியாத ரெண்டு பேரு போட்டோ கேட்டுருந்தானுவ, எனக்கு வவுறு கலங்கிட்டு.