ஈசிஆர் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) திருவான்மியூர் தாண்டி உத்தண்டி வரைக்கும் கடலோரமாக வீடு வாங்குகிறவர்களுக்குக் கட்டடத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று தெருக்கள் மாறும், ஆட்கள் மாறுவார்கள், தவறு மட்டும் மாறாது. சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் இன்று அவருடைய ஆபீஸ் ஜூனியர் வந்து மாட்டுகிறார்.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். லோன் கொடுக்கிற வங்கியின் வக்கீலும் பார்ப்பார். அதை விடுகிறேன். கடல் பக்கத்தில் இருப்பதாலேயே வருகிற சிக்கல்கள் மட்டும் இங்கே.

கம்பியில் பிடித்த துருவைப் பூச்சுப் பிரச்சினை என்று நம்புவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான்.

ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி. பாலவாக்கத்தில் மூன்று மாடி அப்பார்ட்மெண்ட், மறுவிற்பனை, கடலுக்கு நாலு தெரு தள்ளி. ஹாலில் புத்தம் புது ஃபால்ஸ் சீலிங், புது பெயிண்ட், புது டைல்ஸ். "அட்வான்ஸ் கொடுத்துட்டோம் சார், சும்மா ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த "சும்மா" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

பால்கனி பக்கமாக ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த வட்ட விளக்கு ஒன்றைக் கழற்றச் சொன்னேன். வீட்டுக்காரர், "எதுக்கு சார், இப்பத்தான் போட்டது" என்று இழுத்தார். ஸ்டூல் மேல் ஏறி, ஓட்டை வழியாக மொபைல் டார்ச்சை விட்டுப் பார்த்தால், ஜிப்சம் போர்டு மேல் சிலாப்பிலிருந்து உதிர்ந்த கான்கிரீட் சில்லுகளும் செதில் செதிலாகத் துருவும் கிடந்தன. மேலே கம்பி வெளியே தெரிந்தது. 8 எம்எம் கம்பி பென்சில் முனை மாதிரி மெலிந்திருந்தது. கூட வந்த புரோக்கர் அசரவே இல்லை. "கடல்காத்து சார், இந்த ஏரியால எல்லா வீட்லயும் இருக்கும். பூச்சு வேலைதான், ரெண்டு லட்சத்துல முடிஞ்சிரும்."

முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பொய்யில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

கான்கிரீட்டின் காரத்தன்மையால் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உருவாகும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அப்புறம் ஈரமும் காற்றும் போதும், துரு ஆரம்பம். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் வெடித்து விழும். நம் கண்ணுக்கு அது "பூச்சு பெயர்ந்திருக்கு". உண்மையில் நோய் முற்றிய பிறகு தெரிகிற கடைசி அறிகுறி அது.

உப்பு இரண்டு வழியில் வருகிறது. வெளியிலிருந்து காற்று கொண்டு வருவது எல்லோருக்கும் தெரியும். உள்ளேயே வைத்துக் கட்டுவதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. மனையிலேயே போர் போட்டு, அந்த உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்து, அதிலேயே க்யூரிங்கும் செய்து, அஸ்திவாரம் தோண்டிய மணலைச் சலித்துப் பூச்சுக்கு விட்ட கட்டடங்கள் இந்தப் பக்கம் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பு ஐஎஸ் 456. கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், என்றும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது. பழைய சின்ன அப்பார்ட்மெண்டுகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது எம்20, கவர் 20 மில்லிமீட்டர். சில இடத்தில் அதுவும் இல்லை.

சரி, பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தி, கம்பிக்குப் பெயிண்ட் அடித்து, புதுக் கலவை பூசினால்? அங்கேதான் வேடிக்கை. ஒட்டுப் போட்ட இடம் நன்றாகவே இருக்கும். அதன் விளிம்பை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதிதான் பக்கத்துக் கம்பியை ஓரளவு காப்பாற்றி வந்தது. அதைச் சரி செய்ததும் பக்கத்துக் கம்பியில் துரு வேகம் எடுக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் ஒட்டைச் சுற்றி வளையமாக வெடிக்கும். இந்த ரிப்பேரைச் செய்தவருக்கு அதற்குள் பணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

முழுதாகச் சரி செய்ய வேண்டுமென்றால் முட்டுக் கொடுத்து, உப்பு ஏறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை எடுத்து, மெலிந்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, மறுபடி போட வேண்டும். அது உங்கள் ஒரு ஃபிளாட்டின் சமாச்சாரம் இல்லை. தூணும் பீமும் எல்லோருக்கும் பொது. அசோசியேஷனில் எட்டு வீடு இருந்தால் நாலு வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், இரண்டு பேர் "எங்க வீட்ல ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

அதனால் ஹாலைப் பார்க்காதீர்கள். முதலில் கார் நிறுத்தும் ஸ்டில்ட்டுக்குப் போங்கள். தூண்களின் அடிப்பகுதியில் மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்திருப்பார்கள். அந்தப் பெயிண்டுக்கு மேலேயே, மூலையை ஒட்டிச் செங்குத்தாக ஒரு விரிசல் ஓடினால் உள்ளே கம்பி ஓடும் கோடு அதுதான். பூச்சு விரிசல் வலை மாதிரி கண்டபடி போகும், கம்பி விரிசல் நேராகப் போகும். அப்புறம் மொட்டை மாடித் தொட்டியின் அடிச் சிலாப், கிழக்குப் பக்கத்துச் சன்ஷேடுகள், பாத்ரூம் மேல்தளம். ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்தால் சரி, பொக்கென்று வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு விளக்கையாவது கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

விற்பவர் ரீபவுண்ட் ஹாமர் ரிப்போர்ட் ஒன்றை நீட்டலாம். அது மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும், உப்பைச் சொல்லாது. கான்கிரீட்டைத் துளைத்துத் தூள் எடுத்துப் பார்க்கும் குளோரைடு சோதனையும், கம்பியில் துரு ஓடுகிறதா என்று மின்னழுத்தத்தை வைத்துப் பார்க்கும் ஹாஃப் செல் சோதனையும் கேளுங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வாங்கிவிட்டார்கள். அட்வான்ஸ் போய்விடும் என்ற பயம்.

யுடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) என்ன என்று கேட்காமல் சதுர அடி விலை பேசுவது

கட்டடத்தை உப்பு தின்னும் ஊரில் கடைசியில் மிஞ்சுவது நிலத்தில் உங்கள் பங்குதான். 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 550 சதுர அடி யுடிஎஸ் இருப்பதும் 280 இருப்பதும் ஒன்றல்ல. இடித்துக் கட்ட எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற பழைய தலைவலியைத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் என்று குறைத்திருக்கிறது. எந்தப் பழைய ஃபிளாட் வாங்கினாலும் இந்தக் கணக்கோடு வாங்குங்கள்.

டிசம்பரில் போர் தண்ணீரைக் குடித்துப் பார்த்து மயங்குவது

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இந்த மணல்மேட்டில் எங்கே இறைத்தாலும் தண்ணீர் இனிக்கும். மே மாதம் வந்து பாருங்கள். இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறைத்துவிட்டால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போர் மட்டும் காரணம் ஆகாது, தெருவே சேர்ந்து இறைக்கிறது.

கோடையில் வாங்க முடியாவிட்டால் வாட்ச்மேனிடம் கேளுங்கள்: மே மாதம் எத்தனை லாரி வரும்? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது குடிநீருக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 10500. ஈசிஆரில் உள்ள நெம்மேலியில் 2013 முதல் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், 2024 முதல் இன்னும் 15 கோடி லிட்டர் கடல்நீர் குடிநீராகிறது, உண்மைதான். ஆனால் கேட்க வேண்டியது உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதா, இந்தக் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கிறதா, வரி ரசீது எங்கே என்பது. "வரப்போகுது சார்" ரசீது ஆகாது.

சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) என்றால் கடல் மட்டும் என்று எண்ணுவது

"பீச் அரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சார், நமக்கு சிஆர்இசட் கிடையாது." இதைச் சொல்கிறவர் அளந்தது கூகுள் மேப்பில், அலை தெரிகிற இடத்திலிருந்து. சட்டப்படி அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து. அதுவும் கடலுக்கு மட்டுமில்லை, அலையேற்றம் வந்து போகிற கழிமுகம், கால்வாய் இவற்றின் கரையோரத்துக்கும் உண்டு. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

1991, 2011, 2019 என்று மூன்று அறிவிக்கைகள் வந்திருக்கின்றன. உங்கள் கட்டடம் எந்த வருடத்து அனுமதியில், எந்த அறிவிக்கையின் கீழ் வந்தது என்று பாருங்கள். கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துத் தேடலாம். அதற்கு மேல், ஈசிஆரின் இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தனியாகவும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பக்கத்து மனையில் எத்தனை மாடி இருக்கிறது என்பது உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

கடலைப் பார்த்துப் பயந்து கால்வாயை மறப்பது

வெள்ளம் என்றால் எல்லோருக்கும் 2004 சுனாமி நினைவு வரும். வருடா வருடம் காலை நனைப்பது மேற்குப் பக்கம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியில் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, முட்டுக்காடு முகத்துவாரம் வரை போய்த்தான் கடலில் சேர வேண்டும். அங்கே மணல் அடைத்திருந்தாலோ, கடலில் ஏற்றம் இருந்தாலோ தண்ணீர் நகராது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனைப் பெட்டிக்கடையில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

கடல் தெரியும் பால்கனி

எதிர் மனை காலியாக இருக்கிறதா? அப்படியானால் அதற்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள்.

ஏசி, கிரில், லிஃப்ட்

துருப்பிடிக்கும். பராமரிப்புக் கணக்கைக் கடந்த மூன்று வருடத்துக்கு வாங்கிப் பாருங்கள்.

வாஸ்து

உப்புக்கு வாஸ்து தெரியாது.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு இன்ஜினியரைக் கூப்பிடுவது

டோக்கனுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கும் முன் கட்டடச் சோதனை. விற்பவர் அவசரப்படுத்தினால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: குளோரைடு சோதனையோ சிஆர்இசட் நிலையோ சரியாக வராவிட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்பத் தரப்படும் என்று. வக்கீல் இதை அஞ்சு நிமிடத்தில் எழுதிவிடுவார். கையெழுத்துப் போட யோசிக்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.