மலை நகருக்கு முழுமைத் திட்டம்: மே மாதக் கணக்கிலிருந்து தொடங்குவது எப்படி

உதகமண்டலம் போன்ற ஒரு நடுத்தர மலை நகரின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எழுத உட்காருபவர்கள் முதலில் கையில் எடுப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான். முதல் தவறு அங்கேயே நேர்கிறது. 2001 இல் 93 ஆயிரத்தைத் தாண்டியிருந்த நகராட்சியின் மக்கள்தொகை 2011 இல் 88,430 ஆகக் குறைந்தது. நீலகிரி மாவட்டமே அந்தப் பத்தாண்டுகளில் 7,62,141 பேரிலிருந்து 7,35,394 பேராகச் சுருங்கியது. இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு, ஊர் மெல்லக் காலியாகிறது, ஆகவே இருக்கும் குழாயும் கால்வாயும் போதும் என்றே தோன்றும். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உதகையின் முக்கியச் சந்திப்பான சேரிங்கிராஸில் அரை மணி நேரம் நின்று பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

அந்தத் திட்டத்துக்கு வார்டு அளவில் கருத்துரு தயாரித்துக் கொடுக்க விரும்பும் குடியிருப்போர், வியாபாரிகள், ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. வல்லுநர் பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஓர் அளவு நாடா, மழையில் நடக்கும் பொறுமை ஆகியவை போதும்.

கணக்கு

நகரின் சுமையை உச்ச நாளில் அளக்க வேண்டும். இதற்கான தரவு முன்பு கிடைப்பது கடினம், இப்போது கிடைக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) கட்டாயமானது. 2025 ஏப்ரலிலிருந்து சீசன் காலத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என உச்சவரம்பும் வைக்கப்பட்டது. இ-பாஸ் விண்ணப்பத்தில் எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறார்கள் என்பதெல்லாம் கேட்கப்படுவதால், நாள்வாரியான தொகுப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குவதே முதல் வேலை.

அது கைக்கு வரும் வரை ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் 8,000 வண்டிகள், வண்டிக்கு நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் தங்கல் என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை மாவட்டத்தில் 64,000 விருந்தினர் இருப்பார்கள். எல்லோரும் உதகைக்குள் தங்குவதில்லை. 20,000 பேர் மட்டுமே நகராட்சி எல்லைக்குள் படுத்துறங்குவதாக எடுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவு. விடுதிக்குப் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர். உள்ளூர்க்காரர்களுக்கு ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் லிட்டரும், அதன்மேல் விருந்தினருக்கு 36 லட்சம் லிட்டரும் வேண்டும். முப்பது விழுக்காடு கூடுதல் தேவை, அணைகளில் நீர் மிகக் குறைந்திருக்கும் மாதத்தில் வந்து சேர்கிறது. எந்தத் திட்ட வரைவும் இந்த ஒற்றை வரியை முதல் பக்கத்தில் வைத்துத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் குழு முதல் முறை உச்ச நாளில் அளக்காமல் விடும் தவறைச் செய்தது. ஜூன் மாதத்தில் வீடு வீடாகப் போய், வாரத்துக்கு எத்தனை முறை குழாயில் தண்ணீர் வருகிறது என்று எழுதினோம். அழகான அட்டவணை வந்தது. மறு வருடம் மே மாதத்தில் அதே தெருவில் பாதி வீடுகள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தபோதுதான் அட்டவணையின் மதிப்பு புரிந்தது.

படுக்கைகளை எண்ணும்போது உரிமம் பெற்ற விடுதிகளோடு நிறுத்திவிடக் கூடாது. காட்டேஜ் என்றும் ஹோம் ஸ்டே என்றும் மாறிய வீடுகளைத் தெருத் தெருவாகக் குறிக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருந்த குடும்பம் வெளியேறி அந்த வீடு காட்டேஜ் ஆகும்போது மக்கள்தொகை குறைகிறது, தண்ணீர்ச் செலவு கூடுகிறது. பசுந்தேயிலை விலை வீழ்ச்சி, இந்து நகரில் இருந்த படச்சுருள் ஆலையின் முடிவு ஆகியவற்றோடு இதையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஊர்ப் பிள்ளைகள் ஏன் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள் என்பது திட்டத்துக்குள் வரும்.

எல்லை

திட்டத்தின் எல்லை நகராட்சியின் எல்லையாக இருக்கக் கூடாது. உதகை குடிக்கும் நீரின் பெரும்பகுதி பார்சன்ஸ்வேலி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. மார்லிமந்து, டைகர் ஹில், கோரிசோலை போன்ற சிறு நீர்த்தேக்கங்கள் மீதியைத் தருகின்றன. அவற்றை நிரப்புவது சோலையும் புல்வெளியும் சதுப்பும்தான். மழை பெய்த நாளில் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக விடுவது அவற்றின் இயல்பு. ஆங்கிலேயர் காலந்தொட்டுப் புல்வெளிகளில் நடப்பட்ட சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அந்த வேலையைச் செய்வதில்லை. எனவே வரைபடம் வரையும்போது நீர்ப்பிடிப்புப் பகுதியின் மேட்டு விளிம்பை முதலில் வரைந்து, அதற்குள் நகரைப் பொருத்த வேண்டும்.

கீழ்ப்பக்கமும் அப்படியே. ஊரின் நடுவே ஓடும் கோடப்பமந்து கால்வாய் ஏரியில் போய் விழுகிறது. ஏரி வழிந்தால் காமராஜ் சாகர் அணை, அங்கிருந்து மாயாறு, கடைசியில் பவானிசாகர். அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் அமைத்தபோது அந்த ஏரி இப்போது இருப்பதைவிடப் பரந்திருந்தது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருப்பது பழைய ஏரிப் பரப்பில்தான். கனமழையில் அங்கே தண்ணீர் நிற்பதைப் பார்த்து வியப்பதில் பொருளில்லை. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். அந்தத் திடலை 2024 இல் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. அதில் எவ்வளவு பரப்பு தண்ணீர் தேங்கும் சதுப்பாகவே விடப்படும் என்ற கேள்வியைக் கருத்துருவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். பூங்கா என்ற சொல்லுக்குள் அது மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவு

2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மாவட்டம் முழுவதும் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. இந்த இரண்டு மழைகளில் உங்கள் வார்டில் எங்கெங்கு மண் விழுந்தது என்பதை, அங்கே வாழ்ந்த பெரியவர்களை அழைத்துச் சென்று வரைபடத்தில் குறிப்பது ஒரு வார வேலை. அதைவிடப் பயனுள்ள ஆவணத்தை விலை கொடுத்தும் வாங்க முடியாது.

இங்கே ஒரு விஷயத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவுக்கு மேலே 2019 மழைக்குப் பிறகு கட்டிய தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு அடி உயரம். இரண்டு வரிசையாகப் பிவிசி குழாய்த் துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்த ஒரு காலையில் குடையோடு போய் ஒவ்வொரு குழாயாகப் பார்த்தேன். பதினான்கில் மூன்றில்தான் நீர் வடிந்தது. மற்றவற்றில் கட்டும்போதே சிமென்ட் கலவை இறங்கி இறுகியிருந்தது. ஒன்றுக்குள் குருவி கூடு வைத்திருந்தது. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, குழாயை வெளிப்புறம் சற்றுச் சாய்த்துப் பதித்திருந்தால் மண்ணில் ஊறிய நீர் வெளியேறியிருக்கும். வெளியேறாத நீர் மண்ணின் எடையைக் கூட்டிச் சுவரைத் தள்ளும். ஆகவே உங்கள் வார்டில் உள்ள தடுப்புச் சுவர்களை மழை நாளில் மட்டுமே ஆய்வு செய்யுங்கள். வெயில் நாளில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும்.

இதே காரணத்தால், சமவெளியில் சொல்லப்படும் மழைநீர் சேகரிப்பு முறையை அப்படியே மேலே கொண்டுவரக் கூடாது. செங்குத்தான சரிவில் உறிஞ்சுகுழி வெட்டி நீரை இறக்குவது, கீழ்வீட்டின் பின்புறத்தை ஈரமாக்கி வைப்பதற்குச் சமம். மலையில் கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வைப்பதே முறை. 100 சதுர மீட்டர் கூரையில் 1,000 மி.மீ. மழை விழுந்தால் 1 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 80,000 லிட்டர் மிஞ்சும். முழுவதையும் சேமிக்கத் தொட்டி கட்ட இயலாது என்றாலும், புதிய விடுதிகளுக்குப் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்பத் தொட்டிக் கொள்ளளவைக் கட்டாயமாக்கும்படி கேட்கலாம்.

கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு, பொக்லைன் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி போன்ற விதிகள் ஏற்கெனவே உள்ளன. புதிய விதிகளைக் கேட்பதைவிட, வழங்கப்பட்ட அனுமதிகளின் பட்டியலை வார்டு அலுவலகத்தில் மாதந்தோறும் ஒட்டும்படி கேட்பது நல்லது.

கழிவு

திடக்கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகள் மலைப்பகுதிகளைத் தனியாகக் குறிப்பிட்டன: மலைமேல் நிலநிரப்பல் தவிர்க்கப்பட வேண்டும்; மிஞ்சும் கழிவை மூடிய இடைநிலையத்தில் சேர்த்து, அடிவாரத்தில் 25 கிலோமீட்டருக்குள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். இதைப் படித்தவுடன், குப்பையைக் கீழே தள்ளிவிடலாம் என்று மகிழ வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கும் வீடு வாசல் உண்டு. கீழே போகும் மூட்டை எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதுதான் திட்டத்தின் தரத்தைக் காட்டும். மார்க்கெட்டின் கேரட் தழை, முட்டைக்கோஸ் இலை, விடுதிகளின் சமையலறைக் கழிவு ஆகியவை மலையிலேயே உரமாகக்கூடியவை. அவற்றைச் சீசனில் ஒரு வாரமும் சீசன் இல்லாதபோது ஒரு வாரமும் தராசு வைத்து எடை போட்டுப் பாருங்கள்.

போக்குவரத்தைப் பற்றி நிறையப் பேசலாம். எனக்கு ஒன்றே முக்கியமாகப் படுகிறது. ஊருக்கு நடுவே புதிதாகப் போடும் ஒவ்வொரு வண்டி நிறுத்தமும் இன்னொரு வண்டியை மேலே அழைக்கிறது. நகர விளிம்பில் நிறுத்தி, சிறு பேருந்துகளில் உள்ளே கொண்டுவருவதை வார இறுதியில் மட்டுமாவது நிரந்தரமாக்க வேண்டும். எரிபொருளைப் பொறுத்தவரை, விடுதிகளில் வெந்நீருக்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். விடுதிகளுக்குச் சூரிய வெந்நீர்க் கலன் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கொடுக்கும் முறை

1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டு, பொதுமக்களின் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் எழுத்து மூலம் பெறப்பட வேண்டும். அறிவிப்பில் உள்ள கடைசி நாளுக்கு முன்பே கொடுத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் மனுவை ஓர் அலுவலகத்தில் மேசைமேல் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள், வைத்துவிட்டு வந்தோம், பிறகு அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நில அளவை எண், தெருப் பெயர், அளவு ஆகிய மூன்றும் இருக்கட்டும். மே மாதத்தில் எடுத்த படங்களைத் தேதியும் நேரமும் தெரியும்படி அச்சிட்டு இணையுங்கள். ஆட்சேபணைகள் மீதான விசாரணை நாள் ஜூலையில் விழுந்தால், அன்று அதிகாரிகள் வரும் வழியில் சேரிங்கிராஸ் காலியாகத்தான் இருக்கும்.