மீன் கடிக்காத நாளில் தூண்டில் போட்டியை ஓட்டுவது எப்படி? (ராமநாதபுரம் கரை, கொடுவா)

போட்டிக்கு முதல்முறை பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ரீலில் நரம்பு சுற்றவும் லூர் (செயற்கை இரை) எறியவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறியும் ஒரு அடிகூட (மீன் கடி) விழவில்லை, பக்கத்தில் நிற்பவர் இரண்டு மீன் அளந்துவிட்டார், இப்போது என்ன செய்வது என்பதுதான் விஷயம். அமெரிக்க பாஸ் போட்டிகளில் பெரும்பாலும் சிறந்த ஐந்து மீன்களின் எடையைக் கூட்டுவார்கள். நான் கலந்துகொண்டவற்றில் நீளத்தை அளந்து, போட்டோ எடுத்து, மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். எப்படியானாலும் கடைசி அரைமணியில் ஒரு நல்ல கொடுவா வந்தால் பட்டியல் புரண்டுவிடும், அதனால் மூட்டை கட்டாதீர்கள்.

லூர் பெட்டியைத் திறக்கும் முன் காற்றைப் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் மாதிரி கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) பிடித்தால் அப்படியே தலைகீழ். மண்டபம் பக்கம் நிலம் ஒடுங்கிப் போவதால், போட்டி எல்லை இரண்டு பக்கமும் இருந்தால், பைக்கில் சட்டென்று அடுத்த கடலுக்கு மாறிவிடலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கம் மட்டும் போகாதீர்கள், 1986லிருந்து தேசியப் பூங்கா.

அப்புறம் நீரோட்டம். பாக் நீரிணைப் பக்கம் ஏற்றவற்று ஒரு மீட்டருக்குள்தான், அதிலும் அட்டமி நவமி ஒட்டி வந்தால் தண்ணீர் நகர்வதே தெரியாது. கொடுவா பெரும்பாலும் ஒதுங்கி நின்று, தண்ணீர் கொண்டுவருவதைப் பிடிக்கிற மீன். வற்றும்போது முகத்துவாரத்தில் இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே இறங்கும். வைகை சேரும் ஆற்றங்கரை மாதிரி இடத்தில் மணல்திட்டு மூடாமல் இருந்தால், இழுப்பும் நிற்கும் தண்ணீரும் உரசுகிற கோட்டில் எறியுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் நீங்களும் உட்காருங்கள். நீராகாரம் குடியுங்கள், பனை நிழலில் காலை நீட்டுங்கள். செத்த தண்ணீரில் மணிக்கணக்காக எறிந்து தோளை ஒடித்துக்கொண்டவர், ஓட்டம் திரும்பும்போது கை தூக்க முடியாமல் நிற்பார்.

பலரும் மாட்டுவது லீடரில், அதாவது லூருக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்புத் துண்டில். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு, உதடும் அரம். கடித்து, ஒருமுறை தலையை உதறிவிட்டுப் போனாலே லூருக்கு மேலே ஒரு சாண் நரம்பு சொரசொரத்துப் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும், பாறையிலோ சிப்பியிலோ உரசிய பிறகும், லூரிலிருந்து மேலே ஒரு முழம் வரை இரண்டு நகங்களுக்கு நடுவே மெதுவாக உருவிப் பாருங்கள். நகத்தில் தட்டினால் யோசிக்காமல் வெட்டுங்கள், எச்சில் தொட்டு முடிச்சை இறுக்குங்கள், கையில் சுற்றி இழுத்துப் பாருங்கள். மீனே இல்லாத நாளில் இதற்குச் சோம்பல் வரும், கிடைக்கிற ஒரே மீனும் அன்றைக்குத்தான் அறுத்துக்கொண்டு போகும். நான் லீடருக்கு 40 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்புக்குக் கீழே இறங்குவதில்லை. மெல்லிசாகக் கட்டினால் அதிகம் கடிக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

லூர் விஷயத்தில் சுருக்கமாக: இரண்டு போதும், மெதுவாக இழுங்கள், பெட்டி முழுக்க மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுவது எனக்குப் பிடிக்கும், மீனை விடுவதும் சுலபம்.

மீன் வந்துவிட்டால் பதற்றத்தில் போட்டோவைக் கெடுக்காதீர்கள். மீனை அளக்கும் பலகையை முதலில் நனையுங்கள், வெயிலில் காய்ந்தது மீனைச் சுட்டுவிடும். வாய் நுனி பலகையின் தடுப்பில் முட்டியிருக்க வேண்டும், வால் தெரிய வேண்டும், செவுளுக்குள் விரல் விடக்கூடாது.

பின்சேர்க்கை: வடகடலில் எறிகிற ஒவ்வொரு தடவையும் பாசியும் கடற்புல்லும் மாட்டுகிறது, என்ன செய்ய என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். காற்று கரையை நோக்கி அடித்தால் அப்படித்தான், புல் முழுக்க ஒதுங்கும். ரப்பர் மீனில் முள்நுனியை உடம்புக்குள் புதைத்துக் கட்டுங்கள், ராட் நுனியை உயர்த்திப் பிடித்து இழுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், காற்று முதுகில் படுகிற கரைக்கு நடையைக் கட்டுங்கள்.