சராசரியை நம்பி மருந்து வாங்காதீர்கள்: மரபுவழி ரத்த நோய்களைக் கணக்கெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளம் ஆய்வாளர் தன் திட்ட வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மலை மாவட்டம் ஒன்றில் தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று கண்டறியும் திட்டம் அது. இரண்டும் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் மரபுவழிக் கோளாறுகள்: தலசீமியாவில் (பீட்டா என்பது அதன் ஒரு வகை) அது போதிய அளவு உருவாவதில்லை; அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடுகின்றன. மூன்றாம் பக்கத்திலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். "இந்திய மக்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள்; ஆகவே இம்மாவட்டத்தில்..." என்று தொடங்கி ஒரு பெருக்கல் போட்டிருந்தார். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் போட்ட பெருக்கல்தான்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் நோய் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் தொடங்கியது. நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு. ஏராளமான இளைஞர்கள் இந்தப் பணிக்குப் புதிதாக வருகிறார்கள். ரத்தக் குழாயில் பெயர் எழுத மறப்பது, படிவத்தில் வயதை விட்டுவிடுவது போன்றவற்றை நான் இங்கே பேசப்போவதில்லை. அவை முதல் வாரத்திலேயே சரியாகிவிடும். அறிக்கையில் ஏறி, அரசுக் கோப்புக்குள் புகுந்து, மருந்து ஒதுக்கீடாக மாறிவிடும் தவறுகள்தான் என் கவலை.

சுமப்பவரை நோயாளி என்று எழுதுவது

பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் அவர் சுமப்பவர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் கடும் நோய். நூற்றில் நான்கு பேர் சுமப்பவர்கள் என்றால், தொடர்பில்லாத இருவர் மணந்துகொள்ளும்போது இருவருமே சுமப்பவர்களாக இருப்பதற்கான வாய்ப்பு 625-ல் ஒன்று. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக, 2,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை. "நூற்றில் நான்கு பேருக்குத் தலசீமியா" என்று எழுதுபவர் ஊரையே அச்சுறுத்துகிறார்.

நாட்டின் சராசரியை ஊரின் தலையில் கட்டுவது

இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மேலே சொன்ன 2,500-ல் ஒன்று என்ற கணக்கு, யாரும் யாரையும் மணக்கக்கூடிய ஒரு மக்கள் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். நம் நாட்டில் அப்படியொரு கூட்டம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறது.

எண்ணிக்கையில் சமமான இரண்டு சமூகங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் நூற்றுக்கு எட்டுப் பேர் சுமப்பவர்கள். மற்றதில் ஒருவரும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் சராசரி நான்கு. சராசரியை வைத்துக் கணித்தால் பத்தாயிரம் பிறப்புகளில் நான்கு குழந்தைகளுக்கு நோய். ஆனால் முதல் சமூகத்தில் பத்தாயிரத்துக்குப் பதினாறு, இரண்டாவதில் பூஜ்யம். இரண்டுக்கும் பொதுவாக எட்டு. கணக்குக்கும் நடப்புக்கும் இடையே இரு மடங்கு வித்தியாசம்.

இன்னும் கூர்மையாகப் பாருங்கள். சம அளவுள்ள பத்துச் சமூகங்களில் ஒன்றில் மட்டும் நூற்றுக்கு நாற்பது பேர் சுமப்பவர்கள், மற்ற ஒன்பதில் யாருமில்லை. அப்போதும் சராசரி நான்குதான். ஆனால் பத்தாயிரம் பிறப்புகளில் நாற்பது குழந்தைகளுக்கு நோய். அந்த நாற்பதும் ஒரே சமூகத்தின் வீடுகளில். சராசரி மாறவே இல்லை. துயரம் பத்து மடங்காகிவிட்டது.

நூற்றுக்கு நாற்பது சுமப்பவர்கள் என்பது கற்பனைக்காகச் சொன்னதுதான், ஆனால் நடப்புக்கு வெகு தொலைவில் இல்லை. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பதை முதன்முதலாக எழுதினார்கள். ஒரே மலையில், கூப்பிடு தொலைவில் வாழும் சமூகங்களுக்குள்ளேயே பெரும் வேறுபாடு. சிலவற்றில் நூற்றுக்கு முப்பது பேரை ஒட்டி. வேறு சிலவற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் மலேரியா. சுமப்பவரைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா பல தலைமுறைகளாக ஆட்டிப்படைத்த காட்டோரங்களில் அந்த மரபணு தங்கிவிட்டது. தன் சமூகத்துக்குள்ளேயே மணக்கும் அகமண வழக்கம் அதை அங்கேயே வைத்திருக்கிறது.

அகமணத்தோடு உறவுமுறைத் திருமணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அக்காள் மகளை மணப்பதும் மாமன் மகளை, அத்தை மகளை மணப்பதும் புதிதல்ல. சுமப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் உள்ள இடத்திலேயே, மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவர்களின் குழந்தைகளில் நோய் சுமார் நான்கு மடங்காகிறது. அக்காள் மகளை மணந்தால் ஏறக்குறைய ஏழு மடங்கு. நாட்டுச் சராசரி இதையெல்லாம் சொல்லாது.

என் கதைக்கு வருகிறேன். முதல் திட்டத்தில் மாநிலம் முழுமைக்குமான ஒரு சராசரியை எடுத்து, ஒரு வட்டத்தின் மக்கள்தொகையால் பெருக்கி, "அரிவாள் செல் நோயுள்ள ஐந்தாறு குழந்தைகள் இருக்கலாம்" என்று எழுதிக்கொடுத்தேன். அதற்கேற்ப, அந்த நோயின் வலித் தாக்குதல்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஒதுக்கப்பட்டது. பஸ் திரும்பும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து நாங்கள் போன முதல் குடியிருப்பிலேயே அந்த எண்ணிக்கை முடிந்துவிட்டது. மூன்றாவது மாதம், கை கால் வலியில் துடித்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தார். கொடுக்க மாத்திரை இல்லை. கூடுதலாகக் கேட்டு எழுதினேன். "நீங்களே கேட்ட அளவுதானே?" என்று பதில் வந்தது. அவர்கள் மீது தவறில்லை. தாளில் என் கையெழுத்துத்தான் இருந்தது.

ஆகவே முதலில் எந்தெந்தச் சமூகங்கள், யார் யாரோடு மண உறவு கொள்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களோடு அரை நாள் உட்கார்ந்தால் போதும். பிறகு ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். மொத்தக் கூட்டல் கடைசியில் வரட்டும்.

மருத்துவமனைப் பதிவேட்டை மக்கள்தொகை என்று எண்ணுவது

நோயாளி வரும் இடத்தில் நோய் அதிகமாகத்தான் தெரியும்.

பீட்டாவை மட்டும் தேடுவது

மேற்கு வங்கத்திலும் வடகிழக்கிலும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபின் பரவலாக இருக்கிறது. ஈ சுமப்பவரும் பீட்டா தலசீமியா சுமப்பவரும் மணந்தால், குழந்தைக்குக் கடும் தலசீமியா வரக்கூடும். ஒன்றை எண்ணி மற்றதை விட்டால் பாதிக் கணக்கு.

இரும்புச் சத்துக் குறைவை மறப்பது

எல்லோரிடமும் சிறிதளவு இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு நூற்றுக்கு 3.5-க்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா சுமப்பவர் என்று சந்தேகிக்கிறோம். இரும்புச் சத்து குறைந்தவரிடம் ஏ2 இறங்கிவிடும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இரும்புச் சத்துக் குறைவு. எல்லைக்கோட்டில் நிற்கும் பெண்ணை 'இல்லை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். இரும்புச் சத்து கொடுத்துச் சில மாதங்கள் கழித்து மறுபடி சோதியுங்கள். அவர் கர்ப்பிணி என்றால் காத்திருக்க நேரமில்லை; கணவரை உடனே சோதியுங்கள்.

பள்ளியில் மட்டும் எண்ணுவது

நோயுற்ற குழந்தை அன்று பள்ளிக்கு வந்திருக்காது. சில குழந்தைகள் பள்ளி வயதை எட்டியிருக்கவே மாட்டார்கள்.

கரைதிறன் சோதனையோடு நிறுத்துவது

அது அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். சுமப்பவரா, நோயாளியா என்று சொல்லாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலெக்ட்ரோஃபோரெசிஸோ எச்பிஎல்சியோ (இரண்டும் ஆய்வகச் சோதனைகள்) செய்யாமல் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கைக்குழந்தைகளிடம் கரைதிறன் சோதனை நோயைத் தவறவும் விடும்.

ரத்தம் ஏற்றிக்கொண்டவரைச் சோதிப்பது

கொடையாளியின் ஹீமோகுளோபினையும் சேர்த்து எண்ணுகிறீர்கள். மூன்று மாதம் பொறுங்கள்.

முடிவை உரக்கப் படிப்பது

ஒரு முகாமில் பணியாளர் ஒருவர் பள்ளித் திடலில் நின்று பட்டியலை வாசித்தார். நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தார், அவ்வளவுதான். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நிச்சயம் முடிந்திருந்த ஒரு பெண் சுமப்பவர் என்று அறிந்து மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அந்தப் பையனுக்கு யாரும் சோதனை செய்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போனபோது இளம்பெண்கள் ஒருவர்கூட ரத்தம் கொடுக்க வரவில்லை. அந்த ஊரைப் பற்றி என்னிடமுள்ள கணக்கில் அந்த வயதுப் பெண்களுக்கான கட்டம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. இப்போது முடிவுகளை மூடிய உறையில், உரியவர் கையில், தனியறையில் தருகிறோம். கூடவே, சுமப்பவர் ஒருவர் சுமக்காதவரை மணந்தால் குழந்தைகளுக்கு அந்த நோய் வராது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகிறது.