ஆஃப்-ரோடு வண்டிக்கு டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எடுத்தவர்களில் பலர் முதல் சர்வீசுக்கு முன்பே டயர் கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்பெனி டயர் மெலிதாகத் தெரிகிறது, பெரிய பட்டன் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) உள்ள டயர் போட்டால்தான் வண்டிக்கு ஒரு களை வரும் என்று நினைப்பு. நானும் அப்படித்தான் மட் டெரெய்ன் டயர் நான்கு வாங்கிப் போட்டேன். அந்த வருடம் ஐப்பசி மழையில் நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் போன லாரி பிரேக் அடித்தது. நானும் அடித்தேன். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. சாலையோர மண்ணில் இறக்கித்தான் தப்பித்தேன். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் டயரைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

அன்று நடந்ததற்குக் காரணம் எளிது. எம்.டி. என்கிற மட் டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருக்கும். சேற்றில் அதுதான் பலம். ஆனால் நனைந்த சாலையில் தரையைத் தொடுகிற ரப்பர் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பட்டன்கள் உயரமாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது அவை வளைந்தும் கொடுக்கின்றன. எச்.டி. எனப்படும் ஹைவே டயர் இதற்கு நேர் எதிர்: சாலையில் நல்ல பிடிமானம், சேற்றில் ஒன்றுக்கும் ஆகாது. நடுவில் இருப்பது ஏ.டி., ஆல் டெரெய்ன். மஹிந்திரா தார் 2020-ல் புது வடிவத்தில் வந்தபோது 18 அங்குல வீல் மாடலுக்குக் கம்பெனியே ஏ.டி. டயர்தான் போட்டுக் கொடுத்தது. அது யோசித்துச் செய்த முடிவு.

ஆகவே முதல் தவறு, மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் உண்மையிலேயே சாலையை விட்டு இறங்குகிறோம் என்று கணக்குப் பார்க்காதது. ஆயிரம் கிலோமீட்டரில் ஐம்பது என்றால் எம்.டி. வேண்டாம். நல்ல ஏ.டி. போதும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள்?

ஆஃப்-ரோடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மணலுக்கு நல்ல டயர் சேற்றுக்கு ஆகாது, சேற்றுக்கு நல்லது பாறைக்குப் போதாது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிப் பக்கம் செம்மணல் தேரி. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். மேற்கே போனால் கல்லும் பாறையுமான எஸ்டேட் பாதைகள்.

மணலில் டயர் தோண்டக் கூடாது, மேலே மிதக்க வேண்டும். பெரிய பட்டன் டயர் மணலில் மண்வெட்டி போல வேலை செய்யும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி குழிக்குள் இறங்கிக்கொண்டே போகும். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் முன் வேனிலும் ஜீப்பிலும் தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு மணல் சக்கரத்தை எப்படிப் பிடித்து இழுக்கும் என்று தெரியும். காற்றைக் குறைத்த சாதாரண டயர், முழுக் காற்றோடு இருக்கிற எம்.டி. டயரைவிட மணலில் நன்றாகவே போகும்.

கரிசல் வேறு கதை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் மாவு போல ஒட்டும். ஏ.டி. டயரின் பள்ளங்களில் அந்தக் களி அடைந்துவிட்டால் நான்கே சுற்றில் அது மொட்டை டயர்தான். இங்கேதான் எம்.டி. தன் விலைக்கு வேலை செய்கிறது. அகலமான இடைவெளியில் புகுந்த சேற்றை, சக்கரம் சுற்றுகிற வேகத்தில் வெளியே வீசி எறியும். டிராக்டரின் பின் டயரைப் பாருங்கள். கட்டைகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பது இதற்காகத்தான். இருந்தாலும் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் இறங்காமல் இருப்பது நல்லது. நாம் போட்டுவிட்டு வருகிற பள்ளம் அப்படியே காய்ந்து இறுகிவிடும், அடுத்து அதில் நடப்பவர் அந்த ஊர் விவசாயி.

மலைப்பாதையில் கவனிக்க வேண்டியது டயரின் பக்கவாட்டை, அதாவது சைடு வாலை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப் பாதை போன்ற இடங்களில் கூர்மையான கல் டயரின் அடியைவிடப் பக்கத்தில்தான் கிழிக்கும். அடியில் ஆணி குத்தினால் பஞ்சர் கடையில் ஒட்டிவிடலாம். சைடு வால் கிழிந்தால் அந்த டயர் போய்விட்டது, ஒட்டி ஓட்டுவது ஆபத்து. ஆகவே பாறைப் பகுதிக்கு அடிக்கடி போகிறவர்கள் பட்டனைப் பார்ப்பதற்கு முன் சைடு வாலில் எத்தனை பிளை, அதாவது எத்தனை உள்ளடுக்கு, என்று கேளுங்கள்.

பெரிய வீல், பெரிய டயர்

டயரில் 245/75 ஆர் 16 என்று போட்டிருந்தால் அகலம் 245 மில்லிமீட்டர், சைடு வால் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம். கணக்குப் போட்டால் சைடு வால் சுமார் 184 மி.மீ. வரும். 255/65 ஆர் 18 டயரில் அது சுமார் 166 மி.மீ. தாருக்குக் கம்பெனி கொடுத்த இரண்டு அளவுகள் இவை. பெரிய அலாய் பார்க்க அழகுதான். ஆனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் ரப்பர் குறைகிறது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது அந்த 2 சென்டிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றும். பாறையில் ஓட்டுவதற்கு 16 அங்குலமே மேல் என்பது என் கருத்து.

சரி, அதே ரிம்மில் பெரிய டயர் போடலாமா? 245/75 இருந்த இடத்தில் 265/75 போட்டால் விட்டம் 30 மி.மீ. கூடுகிறது. அதில் பாதிதான், அதாவது 15 மி.மீ.தான், வண்டியின் அடிவயிற்றுக்குக் கிடைக்கும் உயரம். அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது 100 காட்டும்போது வண்டி 104-ல் போகும். ஏற்றத்தில் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் பலம் குறைந்ததுபோல இருக்கும். எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசலாம். மாருதி ஜிம்னி போன்ற, சுமார் 1,200 கிலோ எடையுள்ள வண்டியில் இதெல்லாம் இன்னும் பட்டென்று தெரியும். கம்பெனி அளவு அதற்கு 195/80 ஆர் 15. மெலிதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், எடை குறைந்த வண்டிக்கு அது அளவான டயர்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் இது பெரிய தலைவலியாகிவிடக் கூடும். அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவுகளுக்குள் இருந்துகொள்வது பாதுகாப்பு. எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்க டயரில் போட்டிருக்கும் லோடு எண்ணும் பழைய டயரின் எண்ணைவிடக் குறையக் கூடாது.

காற்று

காசே இல்லாமல் கிடைக்கும் பிடிமானம் இது. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் பிதுங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில்தான் அதிகம் கூடுகிறது, டாங்கியின் சங்கிலிச் சக்கரம் போல. கல் ரோட்டுக்கு 22 முதல் 25 பி.எஸ்.ஐ., மணலுக்கு 15 முதல் 18. சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக் கூடும். குறைந்த காற்றில் வேகம் கூடாது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கவும் கூடாது.

இதன் மறுபாதியை மறந்தால் இன்னும் ஆபத்து. சாலைக்கு ஏறியதும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை நிரப்ப வேண்டும். 18 பி.எஸ்.ஐ.-யில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சைடு வால் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடக் கூடும். பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெரிய டயருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை 12 வோல்ட் கம்ப்ரசருக்கும் நல்ல கேஜுக்கும் கொடுங்கள்.

நான்கு சக்கர இழுவை இருந்தும் ஏன் மாட்டிக்கொள்கிறது?

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. 2023 ஜனவரியில் பின் சக்கர இழுவை மட்டும் உள்ள தார் வந்தது. வெளியே பார்க்க அதே வண்டிதான். எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும் இழுப்பது இரண்டு சக்கரம்தான், மெதுவாக, ஆனால் அதிக பலத்தோடு இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியரும் கிடையாது. உங்கள் தேவைக்கு அது போதுமா என்று வாங்கும் முன் யோசியுங்கள்.

ஃபோர் பை ஃபோர் வண்டியும் மாட்டும். மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்கிற டிஃபரன்ஷியலில்தான் விஷயம். திருப்பத்தில் இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு அது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது வெறுமனே சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இப்படித் தொங்கினால் வண்டி அசையாது. டயரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் வேண்டும். ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் டிரைவரே போடுகிற லாக் இருக்கிறது. தாரின் சில மாடல்களில் பின்பக்கம் தானாகவே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக். ஜிம்னியில் லாக் கிடையாது. சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கி, மறுபக்கத்துக்கு இழுவையை அனுப்புகிறது.

இந்த பிரேக் முறையில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சக்கரம் சுற்றுவதைப் பார்த்ததும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்திருந்தால்தான் அந்த முறை சக்கரம் சுற்றுவதைக் கண்டுபிடித்து வேலை செய்யும், ஓரிரு விநாடி பொறுங்கள். மணலில் இதற்கு மாறாக, டிராக்ஷன் கன்ட்ரோல் என்ஜின் பலத்தைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடும். இறங்கும் முன்பே அதன் பட்டனை அழுத்தி அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, காய்ந்த சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவையின் சாதாரண வேக நிலை) போட்டு ஓட்டுவது. தார், ஜிம்னி, கூர்கா மூன்றிலும் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் இல்லை. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும், ஆனால் பின்னோடு கட்டிப்போட்டிருக்கிறோம். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். சாலையில் வழுக்க முடியாமல் முறுக்கு உள்ளேயே ஏறும். ஸ்டியரிங் இறுகும், 4எச் லிவர் திரும்ப வராது. அப்படி ஆகிவிட்டால் கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடும். இரண்டு டயரை மட்டும் புதிதாக மாற்றுவதும் இதே கேட்டைச் செய்யும். முன்னுக்கும் பின்னுக்கும் விட்டம் வேறானால் 4எச்-ல் இரண்டும் ஓயாமல் மல்லுக்கட்டும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். நான்கு டயரைப் பெரிதாக்கிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மலையில் பஞ்சரானால் அந்த வித்தியாசத்தோடு ஃபோர் பை ஃபோரில் இறங்க முடியாது. ஐந்தையும் ஒரே அளவில், ஒரே மாதிரியாக வாங்கி, சுழற்சி முறையில் ஐந்தையும் ஓட்டுங்கள். கடையில் பணம் கொடுக்கும் முன் சைடு வாலில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1424 என்றால் 2024-ன் 14-வது வாரத்தில் செய்தது. ஐந்திலும் பாருங்கள், ஒன்றிரண்டு மட்டும் பழைய சரக்காக இருந்தால் மாற்றிக் கேளுங்கள்.